தொட்டிக்குள்ளிருந்து வந்த பதில்

தொட்டிக்குள் ஒருவன்தான் இருந்தான். ஆனால் பாரூக் வெளியிலிருந்து ஒருமுறை தட்டியதற்கு உள்ளிருந்து இரண்டு பதில்கள் வந்தன.

வேடசந்தூர் சாலையில் இருக்கும் அந்தத் தோல் தொழிற்சாலையில், கழிவுநீரைக் காய்ச்சி உப்பைப் பிரிக்கும் தொட்டி அது. உள்ளே படியும் உப்பைச் சுரண்ட ஒருவர் இறங்கினால், இன்னொருவர் வெளியே நின்று அவ்வப்போது ஸ்பேனரால் தட்டுவார். உள்ளிருப்பவர் தன் சுத்தியலால் ஒருமுறை திருப்பித் தட்டினால், நலமாக இருக்கிறார் என்று பொருள்.

பாரூக் குனிந்து, ஆள் நுழையும் துளைக்கருகே குரல் கொடுத்தார். "ஏலே மோகன், எதுக்குடா ரெண்டு தடவ தட்டுற?"

"நான் ஒண்ணுதான் தட்டுனேன் பாய். மொதலாளி ஆசையா வாங்குன தொட்டில்ல, அதுவும் கூடச் சேந்து தட்டுது போல."

"செத்த வெளிய வா அப்பு. டீ வந்திருச்சு."

"இந்த மூலை மட்டுந்தான். முடிச்சிட்டு வாரேன்."

இதற்கு முன்பிருந்த இரும்புத் தொட்டியை உப்பு அரித்துத் தின்றுவிட்டது. அதற்குள் இறங்கிய சோலைமுத்து விஷவாயுவில் மூச்சடைத்து இறந்தபோதும், முதலாளி கவலைப்பட்டது தொட்டிக்காகத்தான். உப்போ அமிலமோ தீண்டாத நிக்கல்-செம்புத் தகட்டில் புதிதாகச் செய்து வாங்கினார். இறங்குகிறவனுக்கு இன்றைக்கும் ஈரத்துண்டுதான் முகமூடி.

வெயில் தாழ்ந்துகொண்டிருந்தது. தோல் ஊறும் குழிகளிலிருந்து கிளம்பிய அழுகிய முட்டை நாற்றம் காற்றில் கனத்து நின்றது. சோளக்காட்டுக்கு அப்பால் மில் பஸ் ஒன்று ஹாரன் அடித்துப் போக, அந்த ஓசை தொட்டியின் தகட்டில் பட்டு, நெடுநேரம் முனகி, யாரோ விட்ட பெருமூச்சுபோல அடங்கியது. பாரூக் தட்டினார்.

ஒரே ஒரு பதில்.

"அல்ஹம்துலில்லாஹ்" என்று அவர் உதடுகள் முணுமுணுத்தன. மோகனின் டீ ஆறிவிடாமல் டம்ளரைத் தட்டால் மூடி வைத்தார். மறுபடியும் தட்டினார். மறுபடியும் ஒரே பதில். உடனே வந்தது. பயந்த குழந்தையின் முதுகில் தட்டிக்கொடுப்பதுபோல அத்தனை மென்மையாக.

சுரண்டும் சத்தம் கேட்கவில்லை. எப்போது நின்றது?

முதலில் இரண்டு பேர் தட்டினார்கள். இப்போது ஒருவர்.

நிறுத்தியது யார்?

டார்ச்சைத் துளைக்குள் நீட்டினார்.  வெளிச்சத்தைத் தரைப்பக்கம் திருப்பினார்.

மோகன் மல்லாந்து கிடந்தான். கண்கள் திறந்திருந்தன. சுத்தியல் அவன் கைக்கு எட்டாத தூரத்தில் கிடந்தது.

அவன் தலை ஒரு மடியில் இருந்தது.

உப்பு மடி. அதற்கு மேல் உப்பு மார்பு. சோலைமுத்துவுக்கு இருந்ததுபோலவே, ஒரு பக்கம் சரிந்த தோள். முகம் இல்லை.

அதன் ஒரு கை மோகனின் இமைகளை ஒவ்வொன்றாக மூடியது. மற்றொரு கை உயர்ந்தது. வெளியே நிற்பவர் பயந்துவிடக் கூடாதே என்பதுபோல், சுவரில் மெல்லத் தட்டியது.

தட்டிய உப்பு விரல்கள் உதிர்ந்தன. தகட்டில் ஒரு கீறலும் இல்லை.