இரண்டு இழுப்பு, ஒரு மூச்சு

நங்கூரக் கயிற்றைச் சுருட்டும் விஞ்ச் இரண்டு தடவை இழுத்தது, நின்றது. மறுபடி இரண்டு தடவை இழுத்தது, நின்றது. மோட்டாருக்கு அப்படி ஓடத் தெரியாது. பொத்தானை அழுத்தியிருக்கும் வரை ஒரே சீராக இரைந்து சுற்றுவதுதான் அதன் வேலை. பொத்தான் மேலிருந்த கட்டைவிரலை மைத்துனன் எடுக்கவேயில்லை.

இரண்டு இழுப்பு, ஒரு மூச்சு. பன்னிரண்டு வருஷமாக அந்தச் சின்னப் படகின் முன்முனையில் நின்று அவன் நங்கூரம் தூக்கியது அப்படித்தான். படகு அக்கா புருஷனுடையது. பின்னால் என்ஜினருகே உட்கார்ந்தபடி, மாப்ள கை இருக்கும்வரை தனக்கென்ன கவலை என்பார். போன மாதம் பேட்டரியில் ஓடும் இந்த விஞ்ச் வந்தது. அதிலிருந்து அவர் காலையில் முதலில் துடைத்துவிடுவது அதைத்தான். தார்ப்பாயில் அதற்கு உறை வேறு தைத்தார். நேற்று அக்காவிடம், இனிமேல் தனியாளாகவே கடலுக்குப் போய்விடலாம் போல என்று சொல்லிச் சிரித்தாராம். கேட்டதிலிருந்து அவனுக்கு வயிறு எரிந்தது. ஒரு இரும்புச் சனியனிடம் தோற்பதா?

விஞ்ச் நங்கூரத்தைத் தூக்கத்தான், படகை இழுக்க அல்ல. முன்னால் நிற்பவன் கை காட்டியதும் பின்னாலிருப்பவர் என்ஜினைக் கொடுத்து, படகை நங்கூரத்துக்கு நேர் மேலே கொண்டுபோக வேண்டும். கயிறு தளரும். அந்தத் தளர்ச்சியைத்தான் விஞ்ச் சுருட்டும். பாறையில் மாட்டிய நங்கூரத்தோடு அதை மல்லுக்கு விட்டால் மோட்டார் கொதித்துப்போகும், அதற்குள் பிரேக்கர் விழுந்து, மின்சாரத்தைத் துண்டித்துக் காப்பாற்றிவிடும். அது விழுந்தும் பயனில்லாதபடி பிரேக்கரின் இரண்டு முனைகளையும் காலையிலேயே ஒரு செம்புக் கம்பியால் இணைத்துவிட்டிருந்தான். இப்போது நங்கூரம் பாறையில் மாட்டியிருப்பது தெரிந்தும் கை காட்டவில்லை.

முற்பகல் பனிமூட்டத்தில் அத்தான் வெறும் சாம்பல் நிழலாகத் தெரிந்தார். கயிறு விறைத்து, புரிகளுக்குள்ளிருந்த நீரைத் துளித்துளியாகக் கக்கியது. படகின் மூக்கு தாழ்ந்தது. மோட்டாரின் முனகல் மெலிந்து மெலிந்து, வார்னிஷ் கருகும் நாற்றம் மூக்கில் ஏறியபோது, அடங்கியது.

செத்தது. அவனுக்குச் சிரிப்பு வந்தது.

விஞ்சின் உருளை நகர்ந்தது.

விரலை எடுத்தான். இரண்டு இழுப்பு, ஒரு மூச்சு. பேட்டரி வயரைப் பிடுங்கினான். இரண்டு இழுப்பு. ஒரு மூச்சு. அந்த மூச்சு விஞ்சிலிருந்து வரவில்லை. கீழே, தண்ணீருக்குப் பக்கத்திலிருந்து வந்தது.

"இப்பத்தான் மாப்ள பழையபடி இழுக்குற," என்றார் அத்தான்.

"நான் இழுக்கல அத்தான்."

அவர் எழுந்து வந்தார். அவன் தோளை இடித்துக்கொண்டு தாண்டிப் போனார். திரும்பிப் பார்க்கவில்லை. அங்கே ஆளே இல்லாதது போல.

கயிற்றைப் பற்றியபடி ஒரு கை ஏறியது. ஊறி வெளுத்த கை. பிறகு இன்னொன்று. உள்ளங்கையில் காய்ப்பு. அவனுக்கு இருக்கிற அதே இடத்தில்.

அத்தான் குனிந்து அந்தக் கையைப் பிடித்தார். உள்ளே தூக்கினார். அவன் நிற்கும் இடத்தில் உட்காரவைத்தார்.

"உன்ன விட்டா எனக்கு யாரு மாப்ள," என்றார். அதனிடம்.

அது அவர் தோளில் தலை சாய்த்தது.

"அத்தான்," என்று கூப்பிட்டான்.

அவர் திரும்பவில்லை.

அது திரும்பியது. கண்கள் இருக்கவேண்டிய குழிகளிலிருந்து கடல் வழிந்துகொண்டிருந்தது. வாய் மட்டும் அவனுடையது. சிரித்தது.