எச்சம் நடக்கிறது

முருங்கைப்பூவுக்கு இரண்டு வந்தது. அதைத் தின்ன வந்த அணிலுக்கு மூன்று. அணிலை விரட்ட ஓடி, கால் தடுக்கி, துவைக்கிற கல்மேல் தொப்பென்று உட்கார்ந்துவிட்ட ஆறுமுகநயினாருக்கு ஒன்றுதான்.

"ஒண்ணாவது குடுத்துச்சே," என்றாள் அவர் மனைவி பிரமு, அடுக்களை ஜன்னலுக்குப் பின்னால் நின்றபடி. "போன மாசம் விழுந்தப்ப சைபர்லா வந்துச்சு."

நயினார் தன் கழுத்தில் தொங்கிய வியப்புமானியைத் திருப்பி அணைத்தார். தீப்பெட்டி அளவுக் கருவி. எதிரில் இருப்பதைப் படம் எடுக்கும். உலகத்து மானிகள் எல்லாம் இதுவரை எடுத்த எல்லாப் படங்களோடும் ஒப்பிட்டு நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் சொல்லும். யாரும் காணாத காட்சிக்கு நூறு. எல்லோரும் எடுத்துச் சலித்ததற்குப் பூஜ்யம். அறுபதைத் தாண்டினால் படம் தங்கும். தாண்டாவிட்டால் அதுவே அழித்துவிடும். படங்களை வைக்க உலகத்தில் இடம் தீர்ந்துபோன காலத்தில் வந்த ஏற்பாடு இது. வந்த புதிதில் நன்மையாகத்தான் இருந்தது. காலை வணக்கம் சொல்லும் ரோஜாப்பூக்களிடமிருந்து மனிதகுலம் ஒரே நாளில் விடுதலை பெற்றது.

பிறகு ஆட்கள் மானியைக் கேட்காமல் எதையும் பார்ப்பதை விட்டுவிட்டார்கள். வானத்தில் மேகம் சிவந்தால் மானியைத் தூக்குவார்கள். ஐந்து என்று வந்தால் குனிந்துகொண்டு நடப்பார்கள்.

பிரமு மட்டும் மானி வைத்துக்கொள்ளவில்லை. அதன் முன்னால் வருவதும் இல்லை. அது வந்த புதிதில் நயினார் ஆசையாக அவளைப் படம் எடுத்தார். நாலு வந்தது. "நம்ம தெருவுல ஒனக்குத்தான் அதிகம், மேலவீட்டு அக்காவுக்கு மூணுதான்," என்று ஆறுதல் சொன்னார். அவருடைய ஆறுதல்கள் பொதுவாக இந்தத் தரத்தில்தான் இருக்கும். அன்றிலிருந்து அவர் கழுத்தில் மானி இருந்தால் பிரமு ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நிற்பாள், அல்லது முறத்தால் முகத்தை மறைத்துக்கொள்வாள்.

இத்தனைக்கும் நயினார், பாளையங்கோட்டை வியப்புமானிப் பழுது நிலையத்தின் தலைமைப் பழுதுநர். ஊரார் மானிகளையெல்லாம் சரிசெய்பவர். அவர் எடுத்த ஒரு படமாவது அறுபதைத் தொட்டதில்லை. இதுவரை அது வீட்டுக்குள் சிரிக்கிற விஷயமாகத்தான் இருந்தது. இப்போது சட்டம் வந்துவிட்டது. ஓராண்டில் ஓர் அறுபதுகூட வராத நிலம் 'தீர்ந்த நிலம்'. தீர்ந்த நிலத்தைச் சமன் செய்து, பறக்கும் ஊர்திகள் இறங்கத் தளம் போட்டுவிடுவார்கள். தெருவில் மற்ற கொல்லைகளெல்லாம் ஏற்கெனவே தளமாகிவிட்டன. மிச்சம் இவர்களுடையது. ஒரு முருங்கை, ஒரு கறிவேப்பிலை, துவைக்கிற கல், தவளை குடியிருக்கும் உடைந்த தொட்டி. நாளை திங்கட்கிழமை ஆய்வாளர் வருகிறார்.

மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு பிரமு அந்தக் கல்லில் போய் உட்கார்ந்து எதையோ பார்த்துக்கொண்டிருப்பாள். அவள் நாளில் அவளுக்கென்று இருந்தது அது ஒன்றுதான். எதைப் பார்க்கிறாள் என்று நயினார் கேட்டதில்லை. எவ்வளவு வந்தது என்று ஒருமுறை கேட்டார். அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

இடுப்பைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்த நயினார், மானியைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

"ஏ பிரமு, ஒரு திருட்டுத்தனம் பண்ணலாமான்னு பாக்கேன்."

"சொல்லுங்க."

"இந்த மானிக்கு மறதியக் குடுத்துட்டா? எதையுமே பாக்காத மானிக்கு எல்லாமே புதுசுலா. கொல்லைய எடுத்து ஒரு அறுபது வாங்கி வச்சிட்டம்னா ஆய்வாளரம்மாட்ட காட்டிரலாம்."

"பிடிச்சா ஒங்க வேலை போவுமே."

"போவும்."

"கொல்லை?"

"இருக்கும்."

பிரமு சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தாள். "சரி, பண்ணுங்க. ஆனா இப்ப ராகுகாலம். ஆறு மணிக்கு மேல பண்ணுங்க."

"திருட்டுத்தனத்துக்கு என்னட்டி ராகுகாலம்?"

"திருட்டுத்தனத்துக்குத்தான் நல்ல நேரம் வேணும். நல்ல காரியம்னா சாமியே பாத்துக்கிடும்."

அந்த வாதத்தில் ஓட்டை எங்கே என்று அவருக்குத் தெரியவில்லை.

இங்கே ஒரு தொழில் விவரம். தினமும் மாலை ஏழு மணிக்கு உலகத்து மானிகளெல்லாம் அன்றைக்குக் கண்டதை ஒன்றுக்கொன்று கொடுத்து வாங்கிக்கொள்ளும். இதற்கு 'ஒப்படைப்பு' என்று பெயர். ஒரு மானியின் நினைவும் இன்னொன்றின் நினைவும் முரண்பட்டால், எதன் தேதி பிந்தியதோ அதுவே சரி என்று மற்றவை ஏற்றுக்கொள்ளும். ஆகவே ஒரு மானியின் நினைவைத் துடைப்பதானால் முதலில் இணைப்பைக் கழற்ற வேண்டும். பழுது நிலையத்தில் சேர்கிறவர்களுக்கு முதல் நாள் சொல்லிக்கொடுக்கும் பாடம் இது. சொல்லிக்கொடுப்பவர் ஆறுமுகநயினார்.

ஆறு மணிவரை காத்திருந்ததில் நேரம் போய்விட்டது. மூக்குக்கண்ணாடியைத் தேடியதில் இன்னும் கொஞ்சம் போனது. அது நெற்றியில் இருந்தது என்று பிற்பாடுதான் தெரிந்தது. அவசர அவசரமாகத் துடைத்தார். துடைத்து முடித்ததும் மானி தேதி கேட்டது. கண்ணாடியில்லாத கண்ணோடு 2084 என்று போடுவதற்குப் பதில் 2184 என்று போட்டார். இணைப்பைக் கழற்றவில்லை.

கொல்லைக்கு ஓடி, முதலில் கண்ணில் பட்டதைப் படம் எடுத்தார். துவைக்கிற கல். தொண்ணூற்றொன்பது. படம் தங்கியது. இது என்ன என்று மானி கேட்டதை அவசரத்தில் அவர் காதில் வாங்கவில்லை.

"கல்லுக்கா?" என்றாள் பிரமு.

"கல்லுக்குத்தான்."

"எனக்கு நாலு."

நயினார் வாயைத் திறந்து, மூடிக்கொண்டார். அவர் வாழ்க்கையில் எடுத்த நல்ல முடிவுகளில் அது ஒன்று. பின்னால் சுவர்க்கடிகாரம் ஏழு அடித்தது.

காலையில் ஆய்வாளர் தெபோராள் வந்தபோது அவர் முகம் சரியாக இல்லை. கூடவே சமன்பொறி வந்தது. யானை உயரம், நாலு கால், முன்னால் இரும்பு அலகு, நெற்றியில் ஒரு வியப்புமானி. அலகை இறக்கி வேலை தொடங்கியபின் அறுபதுக்கு மேற்பட்ட எதன்மீதும் ஏறிவிடக் கூடாது என்பதற்காக அந்த மானி. அந்தப் பொறி இதுவரை எங்கும் நின்றது கிடையாது.

"அண்ணாச்சி, நீங்க மானி பழுது பாக்கிறவியதானே," என்றார் தெபோராள். "எனக்கு என்னன்னு சொல்லுங்க. வர்ற வழியில குப்பைத்தொட்டிக்குத் தொண்ணூத்தேழு. என் செருப்புக்குத் தொண்ணூத்தெட்டு. அது போக, எதக் காட்டினாலும் இது என்ன, இது என்னன்னு கேக்கு. எனக்கென்ன தெரியும், செருப்பப் பத்தி?"

நயினார் தன் கழுத்து மானியைக் கையால் மூடிக்கொண்டார். நினைவில்லாத மானி கேள்வி கேட்கும். புதிதாகப் பிறந்த மானி தன் உரிமையாளரிடம் உலகத்தைக் கற்றுக்கொள்வதற்காகத் தொழிற்சாலையிலேயே வைத்த குணம் அது. தன் மானியின் வெறுமை நேற்று ஏழு மணிக்கு எங்கெங்கே போயிருக்கும் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. ஏற்கெனவே தங்கிய படங்கள் வேறு கிடங்கில் இருப்பதால் தப்பித்திருக்கும். அந்த மட்டுக்கும் கொலைகாரன் இல்லை என்று தேற்றிக்கொண்டார்.

"என்கிட்ட ஒரு தொண்ணூத்தொன்பது இருக்கு மேடம்," என்று ஈனக் குரலில் கல்லின் படத்தைக் காட்டினார்.

"செருப்புக்கே தொண்ணூத்தெட்டுன்னு சொல்லுதேன், நீங்க கல்லக் காட்டுதிய. இன்னைக்கு மதிப்பெண் எதுவும் செல்லாது. போன வருசக் கணக்குப்படி இது தீர்ந்த நிலம். உத்தரவு வந்தாச்சு, நான் என்ன செய்ய?" அவர் கையசைத்தார்.

சமன்பொறி வேலியைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தது. பிரமு அடுக்களை வாசலில் நின்றாள். கையில் முறம் இல்லை. பொறி துவைக்கிற கல்லைத் தாண்டிப் போய், கறிவேப்பிலைக்கு ஒரு சாண் முன்னால் அலகை இறக்கி, அப்படியே நின்றது.

"இது என்ன?" என்றது. கட்டடங்களை இடிக்கிற குரல். ஆனால் கேட்ட விதத்தில் ஏதோ கூச்சம் இருந்தது.

"கறிவேப்பிலை," என்றார் தெபோராள். "நவுரு."

"அதன் இலைமேல் இருப்பது?"

"காக்கா எச்சம். நவுருன்னு சொன்னேன்லா?"

பொறி நெற்றியைத் தாழ்த்திப் பார்த்தது. "எச்சம் நடக்கிறது," என்றது.

தெபோராள், பொறியைத் திட்டுவதற்காகத்தான், அருகில் போய்க் குனிந்தார். பழுப்பும் வெள்ளையுமாகக் காய்ந்த எச்சம் ஒன்று இலையின் விளிம்பில் மெதுவாக முன்னேறிக்கொண்டிருந்தது. போகிற வழியில் இலையைத் தின்றது.

"மெதுவா தொட்டுப் பாருங்க மேடம்," என்றாள் பிரமு. எப்போது வந்து பக்கத்தில் நின்றாள் என்று யாரும் கவனிக்கவில்லை. "கடிக்காது."

தெபோராள் விரல் நுனியால் தொட்டார். எச்சத்தின் தலையிலிருந்து ஆரஞ்சு நிறத்தில் இரண்டு கொம்புகள் ஈரமாகப் பிதுங்கி வந்தன. புளித்த எலுமிச்சை மாதிரி ஒரு நெடி. கொம்புகள் மறுபடி உள்ளே போயின. எச்சம் பழையபடி எச்சமாகிவிட்டது.

"தொண்ணூற்றெட்டு," என்றது பொறி. "இதன்மேல் ஏற எனக்கு அனுமதி இல்லை." இடப்பக்கம் திரும்பியது. அங்கே எறும்புச்சாரி. வலப்பக்கம் தவளை. பின்னால் போகலாம் என்று பார்த்தால் அங்கே ஒரு புல் பூத்திருந்தது. கால் வைக்க இடமில்லாமல் யானை உயரப் பொறி அப்படியே நின்றுவிட்டது.

"இது எத்தனை நாளா இங்க இருக்கு?" என்று தெபோராள் கேட்டார். பொறியை அல்ல.

"வருசா வருசம் வரும், புழுதான். குருவி தின்னிறக் கூடாதுன்னு எச்சம் மாதிரி வேசம். பெருசானா பச்சையாயிரும். அப்புறம் கூடு கட்டி, கறுப்புப் பட்டாம்பூச்சியா போயிரும்."

நயினார் மனைவியைப் பார்த்தார். "எங்கிட்ட நீ சொன்னதே இல்லியே."

"எவ்வளவு வந்துச்சுன்னு கேப்பிய," என்றாள் பிரமு.

நயினார் நேராகத் தெபோராளிடம் திரும்பி நடந்ததையெல்லாம் சொன்னார். ராகுகாலத்தையும் விடவில்லை.

"சரி, எப்பச் சரியாவும்?"

"தேதி பிந்தினதுதான் ஜெயிக்கும் மேடம். நான் நூறு வருசம் தள்ளிப் போட்டுட்டேன். அதுக்குப் பிந்தின தேதி வர்ற வரைக்கும், தினமும் ஏழு மணிக்கு எல்லா மானியும் எல்லாத்தையும் மறந்துரும். வேற தேதி போட்டு மாத்தலாம்னா, நெனப்புள்ள மானி ஒண்ணுகூட மிச்சமில்ல."

"நூறு வருசமா?"

"லீப் வருசமெல்லாம் சேத்துத்தான்."

தெபோராள் அவரை முறைத்தார். புகார் எழுத எல்லாக் காரணமும் இருந்தது. ஆனால் மூக்கருகே விரலைக் கொண்டுபோய் அந்த நெடி இன்னும் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார். "எங்க அம்மாவுக்குக் காட்டணும் இத. படம் எடுத்தா இந்த மானி நூறு கேள்வி கேக்கும். சாயங்காலம் நேர்லயே கூட்டிட்டு வாரேன். அதுக்குள்ள பச்சையாயிராதே?"

"ஒரு வாரம் ஆவும்," என்றாள் பிரமு. "காப்பி குடிச்சிட்டுப் போங்க."

ஊரெங்கும் அன்று சமன்பொறிகள் கால் தூக்கிய நிலையில் நின்றுகொண்டிருந்தன. எல்லாவற்றுக்கும் தொண்ணூறுக்கு மேல் என்றால் தீர்ந்த நிலம் என்று ஒன்று இருக்க முடியாது. சட்டம் யாரும் ரத்து செய்யாமலே உட்கார்ந்துவிட்டது. நயினாரின் வேலையும் போகவில்லை. பழுது நிலையத்து வாசலில் நின்ற வரிசையைச் சமாளிக்க நிர்வாகத்துக்கு ஆள் வேண்டியிருந்தது.

"மதிப்பெண் கேட்டா கேள்வி கேக்கு அண்ணாச்சி," என்று முதலாவதாக நின்றவர் மானியை மேஜைமேல் வைத்தார். "காக்கான்னு சொன்னேன். ஏன் தலையைச் சாய்க்கிறதுன்னு கேக்கு."

"ஏன் சாய்க்கி?"

"எனக்கெப்படித் தெரியும்?"

"போய்ப் பாத்து அதுட்ட சொல்லுங்க. இப்போதைக்கு அதான் ரிப்பேர்."

அவர் திட்டிக்கொண்டே போனார். எல்லோரும் திட்டிக்கொண்டேதான் போனார்கள். ஆனால் மாலையில் நயினார் வீடு திரும்பும்போது, தெருமுனையில் அந்த ஆள் ஒரு காக்கைக்கு எதிரில் தன் தலையையும் சாய்த்து நின்றுகொண்டிருந்தார். மானி அவர் சட்டைப்பையில் இருந்தது.

வீட்டுக் கொல்லையில் தெபோராளும் அவர் அம்மாவும் வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். பொறி இன்னும் நின்றது. பிரமு துவைக்கிற கல்லில் உட்கார்ந்திருந்தாள். நயினார் கழுத்தில் மானி இருப்பதைப் பார்த்தாள். எழுந்து போகவில்லை.

"எடுங்க பாப்போம்," என்றாள்.

எடுத்தார். "தொண்ணூற்றொன்பது," என்றது மானி.

"கல்லுக்கும் அதான குடுத்துச்சு," என்றாள். ஆனாலும் முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

"இது யார்?" என்றது மானி.

"என் சம்சாரம்."

"இவர் ஏன் இடது புருவத்தை மட்டும் உயர்த்துகிறார்?"

நயினாருக்குத் தெரியவில்லை. கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் போட்டுக்கொண்டு, கிட்டே போய்க் குனிந்தார், காலையில் தெபோராள் குனிந்த மாதிரி. வலது புருவத்துக்குள், முடியில் பாதி மறைந்து, அரிசி நீளத்தில் ஒரு தழும்பு. அந்தப் பக்கம் புருவம் ஏறாது. இத்தனை வருஷமும் தன்னைக் கேலி செய்வதற்காகத்தான் ஒற்றைப் புருவத்தைத் தூக்குகிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

"இது என்னது?" என்று கேட்டார். மானி கேட்டதல்ல, அவராகக் கேட்டது.

பிரமு அவர் முகத்தை, எச்சம் நடப்பதை முதன்முதலில் கண்டவள் போலப் பார்த்தாள்.

"அடுப்புல பால் இருக்கு. அணைச்சிட்டு வாரேன், பெரிய கதை," என்று எழுந்தாள். "உக்காருங்க."

நயினார் கல்லில் உட்கார்ந்தார். ஏழு மணிக்கு மானி இவளையும் மறந்துவிடும். நாளைக் காலையில் மறுபடி யார் என்று கேட்கும், புருவத்தைப் பற்றிக் கேட்கும். இன்னும் நூறு வருஷத்துக்குக் கேட்கும். பதில் தெரிந்த ஒருவராவது வீட்டில் இருக்க வேண்டாமா என்று நினைத்துக்கொண்டு, அவர் அடுக்களை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.