குண்டூசி போன இடம்

மூடிப்போன நாடக அரங்கின் பக்கவாட்டுக் கதவை அவர் தட்டியபோது மதியம் மூன்று மணி. பேய்களுக்கு அது மரியாதையான நேரம் இல்லை.

அக்கம்பக்கத்தில் அவரைக் 'காகிதம்' என்பார்கள். நடிகர் பெயர்கள் அச்சிட்ட பழைய நாடகப் புரோகிராம் அட்டைகளைச் சேர்ப்பவர். வீட்டில் ஆயிரத்து நூறு இருந்தன. ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று கேட்டால், இடமில்லை என்பார். அவர் சட்டையின் மூன்றாவது பொத்தான் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு குண்டூசி இருந்தது.

"வாங்க காகிதம்," என்றார் அங்கே முப்பது வருடம் டிக்கெட் கிழித்தவர். "குப்பைக்காக பஸ் ஏறி வர்ற ஒரே ஆள் நீங்கதான்."

"அந்த ஒரு நாள் புரோகிராம் கிடைச்சுதா அண்ணே?"

"ஒண்ணே ஒண்ணு. உள்ள கூடத்துல, மேடை மேல இருக்கற பெட்டியில. லைட்டு கிடையாது, பார்த்துப் போங்க."

அந்த ஒரு நாள் கதாநாயகிக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. மாற்று நடிகையாக நான்கு வருடம் திரைக்குப் பின்னால் காத்திருந்த காகிதத்தின் அக்கா மேடை ஏறினாள். 'இன்று கதாநாயகியாக நடிப்பவர்' என்று அவள் பெயரை அச்சடித்த துண்டுச்சீட்டை ஒவ்வொரு புரோகிராமிலும் குண்டூசியால் குத்திக் கொடுத்தார்கள். அவள் பெயர் அச்சில் வந்தது அந்த ஒரே முறைதான்.

"பத்திரமா வைடா" என்று தம்பியிடம் ஒன்றைக் கொடுத்தாள். மறுவாரம் காய்ச்சலில் போய்விட்டாள்.

தம்பியும் பத்திரமாகத்தான் வைத்தார். குண்டூசி துருப்பிடித்துக் காகிதத்தைத் தின்றுவிடும் என்பது சேகரிப்பவர்களின் பாலபாடம். ஊசியைக் கழற்றினார். கறைபட்ட துண்டுச்சீட்டையும் எறிந்தார். ஆல்பத்தில் புரோகிராம் பளிச்சென்று இருந்தது, அன்று நடிக்காதவளின் பெயரோடு.

எதை எறிந்தோம் என்பது உறைக்கப் பத்து வருடம் ஆனது. அவ்வளவு கெட்டிக்காரர்.

கூடத்தில் ஈரத் திரைச்சீலையின் நாற்றம். டார்ச் வெளிச்சத்தில் பெட்டியைத் திறந்தார். அதே அட்டை. அதே தேதி.

ஊசி குத்திய இரண்டு துளைகள். துண்டுச்சீட்டு இல்லை.

கடைசி வரிசையில் ஓர் இருக்கை படக்கென்று மடிந்தது. யாரோ எழுந்ததுபோல.

பிறகு நடு வரிசையில் ஒன்று.

பிறகு முன் வரிசையில்.

ரோஸ் பவுடர் வாசனை. அக்கா ஒப்பனைக்குப் பூசுவது.

"என் பேர் எங்கடா?"

"துரு பிடிக்கும்னு... எடுத்துட்டேன்க்கா."

இருட்டில் யாரோ அழுகையை அடக்கும் மூச்சு மட்டும்.

பஸ் டிக்கெட்டின் பின்பக்கம் அவள் பெயரை எழுதினார். எழுத்து கோணியது. சட்டையிலிருந்த குண்டூசியை உருவி, அந்த இரண்டு துளைகளிலேயே குத்தினார்.

முன் வரிசையில் ஓர் இருக்கை மெல்லக் கீழிறங்கியது. யாரோ உட்கார்ந்ததுபோல.

வெளியே வந்தபோது சட்டை திறந்து கிடந்தது. "உள்ள யார்கிட்ட பேசினீங்க?" என்றார் டிக்கெட்காரர்.

"அக்காகிட்ட."

அவர் சிரிக்கவில்லை. "அன்னிக்கு ரொம்ப நல்லா நடிச்சாங்க, தம்பி," என்றார்.

வீட்டுக்கு வந்து ஆல்பங்களைத் திறந்தார். ஆயிரத்து நூறிலும் துண்டுச்சீட்டு குத்தியிருந்தது. எல்லாவற்றிலும் அக்காவின் பெயர், அக்காவின் குண்டுக் கையெழுத்தில். அவள் பிறக்கும் முன்பே நடந்த நாடகங்களிலும்.

குண்டூசிகளைச் சுற்றித் துரு பரவத் தொடங்கியிருந்தது. ஆயுள் முழுக்கச் சேர்த்த காகிதம் அத்தனையையும் அது தின்றுவிடும்.

அவர் ஒன்றைக்கூடக் கழற்றவில்லை.

படுக்கப் போகையில் சட்டையில் கை வைத்தார். மூன்றாவது பொத்தான் இடத்தில் யாரோ புதுக் குண்டூசி குத்தியிருந்தார்கள்.