பூட்டியது ஒன்று

அந்த ஸ்கூட்டர் மூன்றாவது உதையில்தான் கிளம்பும். முதல் உதைக்கு இருமும், இரண்டாவதுக்கு முனகும், மூன்றாவதுக்குத்தான் மனசு வைக்கும். வருடக்கணக்காகக் கேட்டுக் கேட்டு டீச்சருக்கு அது மனப்பாடம். வியாழக்கிழமை சாயங்காலம் மாடியில் காயாத துணிகளைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தபோது அதே இருமல், முனகல், பிறகு கிளம்பும் சத்தம் கேட்டது. கணவர் எங்கேயோ புறப்படுகிறார் என்று எட்டிப் பார்த்தாள். ஸ்கூட்டர் வாசலில் அசையாமல் நின்றது. கணவர் உள்ளே செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். சத்தம் தெருவின் கடைசியிலிருந்து, நாற்பத்தொன்றாம் நம்பர் வீட்டுப் பக்கமிருந்து வந்தது.

அந்த வீட்டில் யாரும் இல்லை. கட்டின நாளிலிருந்தே இல்லை. இது டீச்சருக்கு மற்ற எல்லாரையும்விட நன்றாகத் தெரியும். ஏனென்றால் அங்கே ஒரு குடும்பத்தைக் குடிவைத்தவளே அவள்தான்.

நகரம் முடிந்து, பஸ் முடிந்து, தார் ரோடும் முடிந்த பிறகு வரும் குடியிருப்பு அது. எட்டு வருடத்துக்கு முன்னால் விளம்பரத்தில் ஏரிக்காற்று வீசும் வீடுகள் என்று போட்டிருந்தார்கள். நம்பி வந்தவர்கள் ஏரி எங்கே என்று கொஞ்ச நாள் தேடினார்கள். அது அவர்கள் வீட்டுக்கு அடியில் இருந்தது. இடித்த கட்டடங்களின் கல்லையும் மண்ணையும் லாரி லாரியாகக் கொட்டி மூடி, மேலே நாற்பத்தொரு வீடுகளை நிறுத்தியிருந்தார்கள். ஏரி மட்டும் முழுசாகப் போய்விடவில்லை. குளிர்மாதங்களில் ஐந்து மணிக்கெல்லாம் தரையிலிருந்து பனி கிளம்பி முழங்கால்வரை நிற்கும். சுவர்கள் வியர்க்கும். பீரோவுக்குள் வைத்த ஸ்வெட்டரில் பாசி வாடை அடிக்கும். குடிவந்தவர்கள் புலம்பிப் புலம்பி, பிறகு பழகிப்போனார்கள்.

பள்ளிக்கூடத்தில் இந்த வருடம் மக்கள் கணக்கெடுப்பு வேலையை டீச்சர் தலையில் கட்டினார்கள். சொந்தத் தெருவே கிடைத்ததில் அவளுக்குச் சந்தோஷம்தான். நாற்பது வீட்டிலும் ஆளைப் பார்த்து எழுதினாள், தன் வீடான பதினேழையும் சேர்த்து. ஒவ்வொரு நிலைக்கதவிலும் சாக்பீஸால் நம்பரும் ஆள் எண்ணிக்கையும் குறித்தாள். நாற்பத்தொன்றில் துருப்பிடித்த பூட்டு தொங்கியது; அங்கே நம்பரோடு 'பூட்டியது' என்று குறித்தாள். அன்றைய சுருக்கத் தாளில் 'மொத்தம் நாற்பத்தொன்று, பூட்டியது ஒன்று' என்று எழுதி அனுப்பினாள்.

பூட்டிய வீட்டுக்கு மூன்று தடவை போகவேண்டும் என்பது விதி. அந்தப் பனியில், தெருக்கோடிக்கு, இன்னும் இரண்டு தடவை. டீச்சருக்கு உடம்பு வணங்கவில்லை. வீட்டிலேயே உட்கார்ந்து நாற்பத்தொன்றுக்கும் ஒரு படிவத்தை நிரப்பினாள். கற்பனைக்கு எங்கே போவது? எதிரில் இருந்த தன் குடும்பத்தையே எழுதினாள். கணவன், வயது நாற்பத்திநாலு. மனைவி, முப்பத்தொன்பது, ஆசிரியை. மகள், ஒன்பது. ஒரு ஸ்கூட்டர். எல்லாம் ஒன்றுபோல இருந்தால் மாட்டிக்கொள்வோம் என்று ஒன்றை மட்டும் மாற்றினாள். எத்தனை வருடமாக வசிக்கிறார்கள் என்ற இடத்தில் எட்டுக்குப் பதில் இருபது. முதலில் அனுப்பிய சுருக்கத் தாளைத் திருத்த மறந்துபோனாள்.

கணவர் தோள் வழியாக எட்டிப் பார்த்துச் சிரித்தார். "பொய்யா எழுதினா, அப்புறம் அவங்களே வந்து கையெழுத்துப் போடுவாங்க பாரு."

வியாழக்கிழமை ஸ்கூட்டர் சத்தத்துக்குப் பிறகு அந்தச் சிரிப்பு அவளுக்கு ஞாபகம் வந்தது. வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வரும்போது தெருமுனையில் வாட்ச்மேனை நிறுத்தி, கடைசி வீட்டுக்கு யாராவது வந்திருக்கிறார்களா என்று கேட்டாள். இல்லையே என்றார் அவர். ஏரி இருந்த காலத்திலிருந்தே இந்தப் பக்கத்துக்காரர். இருபது வருடத்துக்கு முன்னால் அந்த இடத்தில் யாராவது குடியிருந்தார்களா என்று கேட்டதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"ரெண்டாள் ஆழம் டீச்சரம்மா அந்த இடம். அப்பவே இருந்தாங்கன்னா தண்ணிக்குள்ளதான் இருந்திருக்கணும்."

அவர் சிரித்தார். அவளால் சிரிக்க முடியவில்லை.

தன் வீட்டைத் தாண்டி நேராகக் கடைசிவரை நடந்தாள். பனி கிளம்பியிருந்தது. நாற்பத்தொன்றில் பூட்டு அப்படியே தொங்கியது. அவள் எழுதிய சாக்பீஸ் எழுத்தும் இருந்தது, இப்போதுதான் எழுதினதுபோல ஈரமாக. கதவிடுக்கிலிருந்து தண்ணீர் மெல்லக் கசிந்து படியில் இறங்கியது. பால் பொங்கி அடுப்பில் கருகிய வாடை வந்தது. அவள் வீட்டிலும் வாரத்துக்கு இரண்டு நாள் அப்படி வரும். அப்புறம் உள்ளேயிருந்து ஒரு சின்னக் குரல், ராகம் போட்டு, வாய்ப்பாடு சொன்னது.

"ஏழாறு நாப்பத்திரெண்டு. ஏழேழு நாப்பத்தொன்பது. ஏழெட்டு... அம்பத்திநாலு."

அவள் மகள் சிட்டு தவறாமல் தடுக்கி விழும் இடம் அது.

டீச்சர் ஓடினாள். வீட்டில் சிட்டு டிவி முன்னால் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். அவளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டபோதுதான் உயிர் வந்தது. குழந்தையின் பின்னல் நுனி நனைந்திருந்தது. எங்கே நனைந்தாய் என்றால் தெரியாது என்றாள்.

அந்த நேரம் பார்த்து கணக்கெடுப்பு சூப்பர்வைசர் போன் செய்தார். படிவம் நாற்பத்தொன்றும் வந்திருக்கிறது, சுருக்கத் தாளில் பூட்டியது ஒன்று என்று இருக்கிறது, எது சரி என்றார். பொய் எழுதிவிட்டேன், அந்தக் குடும்பமே கிடையாது, அடித்துவிடுங்கள் என்று டீச்சர் சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. மெமோ கொடுப்பார்கள், பள்ளிக்கூடம் முழுக்கத் தெரிந்து மானம் போகும் என்ற பயம் அதைப் பிடித்து நிறுத்தியது.

"நீங்களே பாத்துச் சரி பண்ணிடுங்க சார்" என்றாள்.

"சரி, நாளைக்கு நேர்ல வந்து கணக்கை டேலி பண்ணிடறோம்."

சனிக்கிழமை முழுக்க டீச்சர் கதவைத் திறந்து வைத்துக் காத்திருந்தாள். வந்தால் கையோடு உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவும் செய்திருந்தாள். ஒருவரும் வரவில்லை. மணி ஐந்தானது. உள்ளே கணவர் பேப்பர் படிக்க, சிட்டு மேஜையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். பனி தெருவை நிரப்பி, கேட்டின் முதல் கம்பியைத் தொட்டு, இரண்டாவதைத் தொட்டது. டீச்சர் கேட்டருகில் போய் நின்றாள். போன் அடித்தது.

"முடிஞ்சதும்மா" என்றார் சூப்பர்வைசர். "நாப்பத்தொண்ணுல எல்லாரும் இருந்தாங்க. அந்த அம்மாவே கையெழுத்துப் போட்டாங்க. பூட்டினது பதினேழு. மூணு தடவை தட்டிப் பாத்துட்டோம்."

"சார், பதினேழு என் வீடு."

தாள் புரளும் சத்தம் கேட்டது.

"அதுல யாரும் இல்லைம்மா."

திரும்பினாள்.

கதவு சாத்தியிருந்தது. அதில் துருப்பிடித்த பூட்டு. வாசலில் ஸ்கூட்டர் இல்லை. மாடிக் கொடியில் துணி இல்லை. ஜன்னலுக்குள் வெறும் சிமெண்ட் தரை. நிலைக்கதவில் சாக்பீஸ் எழுத்து. பதினேழு. பூட்டியது.

சிட்டு என்று கத்தினாள்.

தெருக்கோடியில் இருமல். முனகல். மூன்றாவது உதை.

ஓடினாள். பனி இடுப்புவரை இருந்தது, கனமாக, சில்லென்று. கடைசி வீட்டில் விளக்கு எரிந்தது. ஜன்னலில் முகத்தை வைத்தாள்.

உள்ளே மேஜை. கணவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். சிட்டு எழுதிக்கொண்டிருந்தாள். அடுப்பருகில் டீச்சரின் பச்சை ஸ்வெட்டரில் ஒருத்தி, முதுகைக் காட்டிக்கொண்டு. தண்ணீர் கண்ணாடியின் அந்தப் பக்கம் மேஜைக்கு மேலே நின்றது. நோட்டு அதில் மிதந்தது. சிட்டு மிதக்கும் நோட்டிலேயே எழுதினாள். தண்ணீர் அவள் கழுத்தில் இருந்தது.

டீச்சர் இரண்டு கையாலும் கண்ணாடியை அடித்தாள். அதில் கீறல்கூட விழவில்லை. கதவுக்கு ஓடிப் பூட்டைப் பிடித்து இழுத்தாள்.

"அம்மா, யாரோ தட்டறாங்க" என்றது குழந்தையின் குரல்.

"கணக்கெடுக்கறவங்கடா கண்ணு" என்று டீச்சரின் குரலே உள்ளிருந்து பதில் சொன்னது. "மூணு தடவை தட்டிட்டுப் போயிடுவாங்க. நீ வாய்ப்பாட்டைச் சொல்லு."

மறுபடி ஜன்னலுக்கு ஓடினாள். தண்ணீர் சிட்டுவின் உதட்டைத் தாண்டியிருந்தது. மூக்கு. கண். குழந்தை ஜன்னலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணை இமைக்கவில்லை. தண்ணீருக்குள் அவள் வாய் திறந்து திறந்து மூடியது, ஏழாறு, ஏழேழு என்று, ஒவ்வொன்றுக்கும் ஒரு குமிழி. ஏழெட்டில் நின்றது.

குமிழி வரவில்லை. பின்னல் மட்டும் மெல்ல மேலே எழும்பி, விளக்கைப் பார்த்து நீண்டது.