கடல்தேள் கோச்சை

ஞாயிறு பூசை முடிந்ததும் கடலுக்கடியில் குடியேறிய வேம்பாரில் ஊரே கடல்தேள் கட்டு பார்க்கப் போகும். ஆளைவிட நீளமான அந்தப் பிராணி, மனிதன் தோன்றும் முன்பே அழிந்துபோனது. கல்லில் பதிந்திருந்த உருவத்தை அளந்து, இன்றைய தேளின் மரபணுவைப் பின்னோக்கித் திருத்தும் 'பின்னெய்தல்' வித்தையால் அறிஞர்கள் அதை மீட்டார்கள். நம்மவர்கள் அதன் இடுக்கிக் கையில் கத்தி கட்டினார்கள். தோற்றது கோச்சை, ஜெயித்தவன் வீட்டுக் குழம்புக்குப் போகும். சேவற்கட்டுக் காலத்து வழக்கம், லேசில் விடுமா?

அப்படியே கறியாகிக் கறியாகி, கடைசியில் மிஞ்சியவை இரண்டுதான். பெட்டை ராக்கினி தொபியாஸுடையது. முட்டையிலிருந்து அவன் கையால் தீனி தின்று வளர்ந்தது. அதன்மேல் அவனுக்கு உயிர். ஆண், அவன் மனைவியின் அண்ணன் சந்தக்குருஸுடையது.

"சட்டை உரிக்கப் போவுது. இன்னைக்கு வேண்டாம்யா" என்றாள் மனைவி கித்தேரி.

"ஒங்க அண்ணன் என்னைப் பயந்தாங்கொள்ளிங்கான். மானம் போவுதுட்டி."

கண்ணாடித் தொட்டியில் இறக்கியதும் ராக்கினி பாய்ந்து ஆணின் காலொன்றை வெட்டி எறிந்தது. நீல ரத்தம் கலங்கியது. கூட்டம் வெறிகொண்டு கத்தியது. திடீரென ராக்கினியின் ஓடு பிளந்தது. கத்தியோடு சட்டையைக் கழற்றிப்போட்டு, வெள்ளையாய், மெத்தென்று வெளியே வந்தது. 

ஆண் நெருங்கியது. குத்தவில்லை. அடைகாக்கும் கோழிபோல அதன்மேல் கவிந்து படுத்துக்கொண்டது. சந்தக்குருஸ் மின்கோலால் சூடு வைத்தும் அசையவில்லை.

"ஒம்ம பெட்டை ஆயுதத்தைப் போட்டுட்டு. கோச்சை எனக்கு" என்றான் சந்தக்குருஸ்.

"ஒம்ம ஆணுதான் சண்டைய விட்டுட்டு மச்சான். அதான் கோச்சை."

வார்த்தை தடித்தது. தொபியாஸ் இடுப்பிலிருந்த மாற்றுக் கத்தியை மச்சானின் தொடையில் இறக்கினான். சந்தக்குருஸின் மின்கோல் தொபியாஸின் தாடையை உடைத்தது. இரண்டு பக்கத்து ஆட்களும் பெஞ்சைப் பிடுங்கி மண்டைகளைப் பிளந்தார்கள். கண்ணாடிக்கு அந்தப்பக்கம் இரண்டு பிராணிகளும் அமைதியாகக் கிடந்தன.

ஊர் கூடித் தீர்ப்புச் சொன்னது. சொந்தத்துக்குள் ரத்தப்பகை கூடாது. இரண்டு குடும்பமும் ஒரே சட்டியில் சாப்பிட்டுச் சமாதானமாக வேண்டும். சட்டியில் எதைப் போடுவது என்று யாரும் கேட்கவில்லை. தொபியாஸ் மட்டும் ஊரார் காலில் விழுந்து அழுதான். "சண்டைக்கே காரணம் அதுங்கதானே" என்றார்கள்.

வழக்கப்படி முதல் கவளத்தை சந்தக்குருஸ்தான் ஊட்டினான். உடைந்த தாடையால் மெல்ல மென்றான் தொபியாஸ். கண்ணீர் வழிந்தது.

"எப்படி மாப்ள?"

"எறா மாதிரிதான் இருக்கு மச்சான்."

இன்னொரு துண்டுக்குத் தட்டை நீட்டினான்.