சத்தம் போட்ட உண்டியல்

ரேடியோவின் உண்டியல் சலங் சலங் என்று சத்தம் போட்டது. என் உண்டியல் வாயே திறக்கவில்லை. அந்தச் சனிக்கிழமை காலையில் என் வயிறு எரிந்ததற்கு அதுதான் காரணம்.

ரேடியோ என் வகுப்புப் பெண். மூச்சு விடாமல் பேசுவாள் என்பதால் அந்தப் பெயர். நான் பேசினால் பக்கத்தில் நிற்பவருக்கே கேட்காது என்பதால் என் பெயர் முணுமுணு. அந்தப் பெயரை வைத்தது யார் என்று கேட்கிறீர்களா? ரேடியோதான், வேறு யார்!

தெருநாய்களுக்கும் பூனைகளுக்கும் வைத்தியம் பார்க்க எங்கள் ஊருக்கு ஒரு வண்டி வந்திருந்தது. வண்டி இருந்தது, டாக்டர் இருந்தார், மருந்து வாங்கத்தான் பணம் இல்லை. அதற்காக அறிவியல் டீச்சர் எங்களில் பத்துப் பேருக்கு ஆளுக்கொரு தகர உண்டியல் கொடுத்துக் கடைத்தெருவில் நிற்க வைத்தார். ஒவ்வொரு மூடியையும் சுற்றி வெள்ளைப் பேப்பர் ஒட்டி, அதன்மேல் கையெழுத்தும் போட்டிருந்தார்.

"அஞ்சு மணிக்கு நான்தான் திறப்பேன். அதுக்கு முன்னாடி பேப்பர் கிழிஞ்சா, அந்த உண்டியல் போட்டியில கிடையாது. யாரு உண்டியல்ல அதிகமா சேருதோ, அவங்க டாக்டரோட வண்டியில முதல் சுற்று போகலாம்" என்றார்.

எனக்கு அந்த முதல் சுற்று வேண்டும். நாக்கில் எச்சில் ஊறுகிற அளவுக்கு வேண்டும். காலில் கண்ணாடி குத்திய நாய்க்கு என் ரிப்பனை அவிழ்த்துக் கட்டிவிட்டவள் நான். ரேடியோவோ, தெருமுனையில் நாய் தும்மினாலே பெஞ்சுமேல் ஏறுகிறவள். அவளுக்கு எதற்கு வண்டி?

ஆனால் ரேடியோ பேருந்து நிறுத்தத்தில் நின்றுகொண்டு, "வாங்கண்ணா! வாங்கக்கா! பேச முடியாத பிராணிங்களுக்காகக் கேக்கறோம்!" என்று கத்தினாள். இறங்குகிறவர்களெல்லாம் சிரித்துக்கொண்டே காசு போட்டார்கள்.

எதிர்ப்பக்கம் பேக்கரி வாசலில் நான் நின்றேன். "உதவி பண்ணுங்க" என்று என் சட்டைப் பொத்தானிடம் சொன்னேன். பொத்தான் உதவவில்லை.

உண்டியலைக் கண்டதும் பெரியவர்கள் என்னவெல்லாம் செய்வார்கள் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். ஒருவர் அடிக்காத போனை எடுத்து "ஹலோ" என்றார். ஒருவர் வானத்தைப் பார்த்துக்கொண்டே நடந்து குழியில் கால் விட்டார். பளபளவென்று சட்டை போட்ட ஒருவர் கையை மூடிக்கொண்டு வந்து, ஓட்டையில் விரலை வைத்து எடுத்து, "போட்டாச்சு, போட்டாச்சு" என்று போய்விட்டார். உள்ளே எதுவுமே விழவில்லை.

கண்ணாடி போட்ட ஓர் அம்மா மட்டும் ஒரு நோட்டை நாலாக மடித்துப் போட்டார். நல்ல மனசுதான். ஆனால் நோட்டு சத்தம் போடாதே!

பதினோரு மணிக்கு ரேடியோ தெருவைத் தாண்டி வந்தாள். "எங்க, குலுக்கு பாப்போம்."

குலுக்கினேன். உள்ளே இரண்டே இரண்டு காசு உருண்டது.

"ஐயோ, உன் உண்டியல் உன்னை மாதிரியே முணுமுணுக்குதே!" என்று சொல்லிவிட்டு, தன் உண்டியலைக் குலுக்கிக்கொண்டே போனாள். அவள் கேலிக்குத்தான் சொன்னாள். எனக்கோ காது வரைக்கும் சூடேறியது. அவள் உண்டியல் கைநழுவிச் சாக்கடையில் விழக்கூடாதா என்று நினைத்தேன். ஆமாம், நினைத்தேன். இதை மறைத்துவிட்டு மீதிக் கதையைச் சொல்ல முடியாது.

மத்தியானம் சாப்பிட வீட்டுக்குப் போனேன். எங்கள் வீட்டின் முன்னறைதான் அப்பாவின் சைக்கிள் கடை. அப்பா பின்னால் கை கழுவிக்கொண்டிருந்தார். பட்டறை மேசையில் ஒரு கிண்ணம் நிறைய வாஷர்கள் இருந்தன. வாஷர் என்றால் நடுவில் ஓட்டை போட்ட வட்டத் தகடு. சக்கரத்தை இறுக்கும்போது நட்டுக்கு அடியில் போடுவார்கள். தொட்டால் காசு மாதிரியே இருக்கும். ஒன்றின்மேல் ஒன்று விழுந்தால் காசு மாதிரியே சத்தமும் போடும்.

நான் ரொம்ப நேரம் யோசித்தேன் என்று சொன்னால் பொய். ஒரு கை நிறைய அள்ளினேன். ஒவ்வொன்றாக உண்டியலில் போட்டேன்.

திரும்பி வந்து பேக்கரி வாசலில் நின்று குலுக்கினேன். சலங்! தெருவில் போன இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். மறுபடி குலுக்கினேன். சலங் சலங் சலங்! எதிரே ரேடியோ பேச்சை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். அவள் முகம் சுருங்கிப்போனது.

எனக்கு அது ஐஸ்கிரீம் சாப்பிட்ட மாதிரி இருந்தது. ஆனால் ஐஸ்கிரீம் சீக்கிரம் தீர்ந்துபோயிற்று.

பேக்கரிக்காரர் கல்லாவிலிருந்து ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். என் உண்டியலை நோக்கித்தான் வந்தார். நான் மகிழ்ச்சியில் பலமாகக் குலுக்கினேன்.

"அடேங்கப்பா! உனக்கு நிறைஞ்சு போச்சே!" என்றார். "பாவம், அந்தப் பொண்ணு காலையிலருந்து தொண்டை கிழியக் கத்துது. இதை அங்க போட்டுட்டு வரேன்."

போட்டுவிட்டும் வந்தார். அவரைப் பார்த்து அவர் கடையில் பன் வாங்க வந்த மூன்று பேரும் அங்கேயே போய்ப் போட்டார்கள். நான் குலுக்கக் குலுக்க, காசு ரேடியோவிடம் போனது. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

மூன்றரை மணிக்குத் தண்ணீர் குடிக்க வீட்டுக்குப் போனேன். அப்பா தரையில் மண்டிபோட்டு மேசைக்கு அடியில் டார்ச் அடித்துத் தேடிக்கொண்டிருந்தார். பக்கத்தில் மருந்துக்கடை அக்கா நின்றிருந்தாள். படுத்த படுக்கையாக இருப்பவர்களின் வீட்டுக்கு மூன்று சக்கர சைக்கிளில் மருந்து கொண்டுபோய்க் கொடுப்பவள் அவள். அந்தச் சைக்கிள் இப்போது பின்சக்கரம் இல்லாமல் செங்கல்மேல் நின்றது. அவள் காலடியில் இரண்டு பெரிய பைகள்.

"என்னப்பா தேடறீங்க?"

"நாலு வாஷர்மா. பழைய வண்டி, அந்த அளவு இப்ப எங்கயும் கிடைக்காது. லேத் பட்டறையில சொல்லிச் செஞ்சு வாங்கி வெச்சேன். கிண்ணத்துல போட்ட ஞாபகம். இப்ப காணோம்."

குடிக்க எடுத்த தண்ணீரைக் கீழே வைத்தேன்.

"வேற வாஷர் போட முடியாதாண்ணா?" என்று அக்கா கேட்டாள்.

"போடலாம். பாதி வழியில சக்கரம் கழண்டு வரும். பட்டறையும் திங்கக்கிழமைதான் திறப்பாங்க. மன்னிச்சுக்கம்மா, எல்லாம் என் தப்பு. எதை எங்க வெச்சோம்னே எனக்கு ஞாபகம் இருக்கறதில்ல."

"பரவாயில்லண்ணா. எட்டு வீடுதான், நான் நடந்தே போறேன்" என்று அக்கா பைகளைத் தூக்கினாள். பத்தடி போவதற்குள் கீழே வைத்துக் கை மாற்றினாள். "கடைசி வீட்டுக்கு ஏழு மணி ஆகும். அந்தத் தாத்தாவுக்கு ஆறு மணி மாத்திரை. என்ன பண்றதுன்னு தெரியல."

அப்பா தலையில் அடித்துக்கொண்டார். செய்யாத தப்புக்கு அப்பா தலையில் அடித்துக்கொள்வதை என்னால் பார்க்க முடியவில்லை.

"அப்பா, என் உண்டியல்ல இருக்கு" என்றேன்.

"என்ன? சத்தமா சொல்லு."

"வாஷர் என் உண்டியல்ல இருக்குப்பா! நான்தான் எடுத்தேன்! ரேடியோ உண்டியல் மட்டும் சத்தம் போடுதுன்னு எடுத்துப் போட்டேன்!"

இதுதான் என் வாழ்க்கையில் நான் முதன்முதலாகக் கத்திப் பேசிய பேச்சு. வேறு ஏதாவது நல்ல பேச்சாக இருந்திருக்கலாம்.

அப்பா எழுந்து உண்டியலை வாங்கிக் கவிழ்த்துப் பார்த்தார். ஓட்டையின் உள்பக்கம் தகடு மடித்து வைத்திருந்தார்கள், எதுவும் வெளியே வராது. மேசையில் ஸ்க்ரூடிரைவர் இருந்தது. அப்பா அதைத் தொடவில்லை.

"இது நம்ம உண்டியல் இல்ல. யார் யாரோ நம்பிப் போட்ட காசு. டீச்சர்தான் திறக்கணும்."

"பேப்பர் கிழிஞ்சா நான் போட்டியில இல்லப்பா."

அப்பா உண்டியலை என் பக்கம் நீட்டினார். அக்கா பைகளை மறுபடி தூக்கினாள். அவள் பையின் காது அறுந்துவிடும்போல இருந்தது.

நான் உண்டியலைப் பிடுங்கிக்கொண்டு ஓடினேன்.

டீச்சர் எங்கே இருந்தார் தெரியுமா? பேருந்து நிறுத்தத்தில், சரியாக ரேடியோவின் பக்கத்தில்! ஊரில் வேறு இடமே கிடைக்கவில்லை போலிருக்கிறது. ரேடியோ கேட்டால் திங்கட்கிழமை பள்ளிக்கூடம் முழுக்கத் தெரியும். காத்திருந்து தனியாகச் சொல்லலாமா என்று ஒரு நிமிடம் நின்றேன். காத்திருக்க நேரம் இல்லை.

எல்லாவற்றையும் சொன்னேன். டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

"திறந்தா நீ போட்டியில இல்ல. தெரியும்ல?"

"தெரியும் டீச்சர்."

"காசு வண்டிக்குப் போயிடும். உன் பேருதான் இருக்காது."

"சரி டீச்சர். சீக்கிரம் திறங்க."

பேப்பர் சர்ரென்று கிழிந்தது. எனக்குள்ளேயும் ஏதோ கிழிந்தது. பெஞ்சில் கொட்டியபோது கொஞ்சம் காசும், நாலாக மடித்த நோட்டும், ஒரு கை நிறைய வாஷரும் விழுந்தன. வாஷர்களை அள்ளிக்கொண்டு ஓடினேன். அப்பா அந்த நாலையும் பார்த்தவுடனே பொறுக்கி எடுத்தார். கால் மணி நேரத்தில் சக்கரம் மாட்டியாயிற்று.

"ஆறு மணிக்குள்ள போயிடுவேன்" என்று அக்கா பைகளை ஏற்றிக்கொண்டு மிதித்தாள். நான் மன்னிப்புக் கேட்டது அவள் காதில் விழுந்ததோ இல்லையோ, திரும்பிப் பார்த்துத் தலையாட்டினாள்.

அப்பா சொன்னார், "நாளைக்குக் கிண்ணத்துல இருக்கற எல்லாத்தையும் அளவு பாத்துப் பிரிச்சு வைக்கற. நீதான். தனியா."

"சரிப்பா."

மறுபடி கடைத்தெருவுக்குப் போனேன். உண்டியல் இல்லாமல் என்ன வேலை என்று கேட்காதீர்கள். வீட்டில் இருக்க முடியவில்லை.

ரேடியோ பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது. தொண்டை சுத்தமாகக் கட்டிவிட்டது.

"அப்போ மத்தியானம் கேட்ட சத்தம்..." என்று கரகரத்தாள்.

"வாஷர்."

"நான் பஸ் ஸ்டாப் பின்னாடி போய் அழுதேன், தெரியுமா? முணுமுணுவே ஜெயிச்சிடுவாளேன்னு. அதுக்கப்புறம்தான் அப்படிக் கத்தினேன்."

ரேடியோவுக்கு என்மேல் பொறாமையா? எனக்குச் சிரிப்பு வந்தது. கூடவே வெட்கமும் வந்தது. அவள் தொண்டையைக் கெடுத்தது என் அப்பாவின் வாஷர்தானே.

அப்போது ஒரு பேருந்து வந்து நின்றது. ஆட்கள் இறங்கினார்கள். ரேடியோ உண்டியலை நீட்டிக்கொண்டு கரகரவென்றாள். யாருக்கும் கேட்கவில்லை. ஒருவர் போனை எடுத்து "ஹலோ" என்றார்.

எனக்கு உள்ளே இரண்டு குரல் பேசியது. 'நல்லா வேணும் அவளுக்கு' என்றது ஒன்று. அதுதான் பலமாகப் பேசியது. இன்னொன்று, 'மருந்து யாருக்கு, அவளுக்கா?' என்று மட்டும் கேட்டது.

பெஞ்சுமேல் ஏறினேன்.

"அண்ணா! அக்கா! தெருநாய், பூனைங்களுக்கு வைத்தியம் பாக்க வண்டி இருக்கு, டாக்டர் இருக்காரு, மருந்து இல்ல! முடிஞ்சதைப் போடுங்க! இல்லன்னா இல்லன்னு சொல்லிட்டுப் போங்க, போன் எல்லாம் எடுக்க வேணாம்!"

'ஹலோ' சொன்னவர் போனைப் பையில் போட்டுவிட்டுச் சிரித்தார். காசும் போட்டார். ஒரு பெண் கைப்பையைத் திறந்து காட்டி, "இன்னைக்கு என்கிட்ட ஒண்ணும் இல்லம்மா" என்றாள். "உண்மையைச் சொன்னீங்களே, நன்றிக்கா" என்றேன். பேக்கரிக்காரர் வாசலுக்கு வந்து, "உன் உண்டியல் எங்க?" என்று கேட்டார். சொன்னேன். தொப்பை குலுங்கச் சிரித்துவிட்டு இன்னொரு நோட்டு போட்டார்.

ரேடியோ என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "எல்லாரையும் போடச் சொல்றியே, நீ போட்டியா?"

காலையிலிருந்து நான் ஒன்றுமே போடவில்லை. வாஷரைக் கணக்கில் சேர்க்க முடியாது. பாவாடைப் பையில் பன் வாங்க வைத்திருந்த காசு இருந்தது. எடுத்தேன். ரேடியோவின் உண்டியலில் போடவேண்டுமே என்று கை தயங்கியது. கண்ணை மூடிக்கொண்டு போட்டேன். பிறகு ரேடியோவும் தன் பையிலிருந்து ஒரு காசை எடுத்துப் போட்டாள். அவளும் அதுவரை போடவில்லையாம்!

ஐந்து மணிக்கு டீச்சர் எல்லா உண்டியலையும் திறந்தார். ரேடியோதான் ஜெயித்தாள். வண்டி வந்தது. டாக்டர் மருந்துப்பெட்டியை அவள் மடியில் வைத்தார். அவள் ஜன்னல் வழியாகக் கையை ஆட்டினாள். நானும் ஆட்டினேன்.

வீட்டுக்கு வந்தபோது அப்பா கடையைச் சாத்திக்கொண்டிருந்தார்.

"யாரு ஜெயிச்சா?"

"ரேடியோ."

"வருத்தமா?"

"வருத்தம் இல்லப்பா. பொறாமை."

"எவ்வளவு?"

இரண்டு கையையும் முடிந்தவரை அகலமாக விரித்து, "இவ்ளோ" என்றேன்.

அப்பா வாஷரை அளவு பார்ப்பதுபோல் என் கைகளைப் பார்த்தார். அன்றைக்கு இன்னொரு பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கைகள் இரண்டையும் கொஞ்சம் உள்ளே இழுத்துக்கொண்டேன்.