நாலு விரல் இடைவெளி

காலையில் நாலு விரல் நுழைந்த இடத்தில் மத்தியானம் இரண்டு விரல்தான் நுழைந்தது.

இஸ்திரிக்காரர் முற்றத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, சைடு ஸ்டாண்டில் சாய்ந்து நின்ற மோட்டார் சைக்கிளின் பின் டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே மறுபடி கையை விட்டுப் பார்த்தார். இரண்டேதான். விரல் வீங்கிவிட்டதோ என்று முதலில் விரலைத்தான் சந்தேகப்பட்டார். நேற்று வாங்கிய வண்டியை இன்றே சந்தேகப்பட மனசு வரவில்லை.

வாங்கியதுதான் நேற்று, வண்டிக்கு வயது முப்பது. ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் தனியாளாக ஓட்டியது. எல்லாம் கச்சிதம், பின்னால் உட்காருபவர் கால் வைக்கும் ஃபுட்ரெஸ்ட் மட்டும் இல்லை. கழன்று விழுந்ததில்லை. இரண்டு பக்கமும் கழற்றி, ஓட்டையை அடைத்து, மேலே பெயிண்டும் அடித்திருந்தது.

"பின்னாடி உட்கார ஆளில்லைங்களா?" என்று கேட்டதற்கு, "உட்கார வேண்டாம்னுதான்" என்றார் தபால்காரர். சாவியைக் கொடுத்த கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். மனைவியோடு சண்டை போட்டால் ஃபுட்ரெஸ்ட்டைக் கழற்றுகிற மனுஷனும் உலகத்தில் உண்டு போலிருக்கிறது என்று இஸ்திரிக்காரர் சிரித்துக்கொண்டே வண்டியை எடுத்து வந்தார்.

அவருக்கோ பின் சீட்டுக்காகத்தான் வண்டியே. மனைவிக்கு ஏழாம் மாதம். முன்னால் இரண்டு தடவை தங்கவில்லை. இரண்டும் இதே ஏழில்தான் போயின. பஸ்ஸில் இடிபடவே கூடாது என்று ஆஸ்பத்திரியில் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். இன்றைக்கு நாலு மணிக்கு ஸ்கேன். அதற்காகத்தான் காலையிலேயே மெக்கானிக்கை வீட்டுக்கு வரவழைத்து, பிளக்கைத் துடைத்து, செயினுக்கு எண்ணெய் விட்டு, பிரேக்கை இறுக்கி, கடைசியாக அடைப்பைத் துளைத்துப் புது ஃபுட்ரெஸ்ட் இரண்டும் மாட்டினார்கள். இரண்டாவது போல்ட் இறுகியதும் வண்டி 'க்ரீச்' என்றது. பின்பக்கம் தாழ்ந்தது.

"ஸ்ப்ரிங் போயிடுச்சா ஆயிலு?"

மெக்கானிக்குக்குக் குளித்தாலும் போகாத பெயர் அது. "முப்பது வயசு வண்டிண்ணே. உங்களுக்குக் கல்யாணத்தப்ப இருந்த முதுகா இப்ப இருக்கு?"

"என் முதுகை விடு. குலுங்காம இருக்கணும்டா, அவ உட்காரணும்."

ஆயில் இரண்டு ஸ்ப்ரிங்கையும் கழற்றித் தரையில் நிறுத்தி, மேலே ஏறி நின்று பார்த்தான். அசையவில்லை. "கல்லு மாதிரி இருக்குண்ணே" என்று திரும்ப மாட்டினான். மாட்டி முடித்ததும் வண்டி நிதானமாக, யாரோ சேலையை ஒதுக்கிக்கொண்டு உட்காருவதைப் போல, இறங்கியது.

அதன்பிறகு அவன் ஜோக் அடிக்கவில்லை. ஸ்பானர்களைச் சத்தமில்லாமல் பைக்குள் போட்டான். "சீட்டுல கை வச்சுப் பாருங்க" என்றான்.

ரெக்ஸின் சீட்டின் பின்பாதியில் ஒரு குழி. இஸ்திரிக்காரர் உள்ளங்கையை வைத்தார். இருபது வருஷம் தேய்ப்புப் பெட்டி பிடித்த கை. சூட்டில் எத்தனை ஜாதி உண்டோ அத்தனையும் தெரிந்த கை. வெயில் சூடு மேலோடு நிற்கும். இது மேலோடு நிற்கவில்லை, ஆழத்தில் இருந்தது. பஸ்ஸில் ஒருவர் எழுந்து போன இடத்தில் உட்கார்ந்தால் தெரியுமே, அந்தச் சூடு.

"வெயில்தான்" என்றார்.

வண்டி காலையிலிருந்து நிழலில் நிற்பது இருவருக்கும் தெரியும். ஆயில் தலையாட்டிவிட்டுப் போனான். தெருமுனை வரை நடக்கவில்லை, ஓடினான்.

மூன்றரைக்கு மனைவி தயாராக வந்தாள். ஒரு மணி நேரம் முன்பு அவர் தேய்த்துக் கொடுத்த நீலப் பருத்திச் சேலை, ஒரு சுருக்கம் இல்லை.

"இதுவா ரதம்? இதுல ஏற ஏணி தருவீங்களா?"

"நக்கலா? இரு, ஸ்டார்ட் பண்றேன். நீ பூட்டிட்டு வா."

வண்டியைத் தெருவில் இறக்கி, பெட்ரோல் குழாயைத் திருப்பி, சோக்கை இழுத்து, கிக்கரை உதைத்தார். மூன்று உதைக்குப் பிடிக்காமல் இருமிய எஞ்சின் நாலாவதில் பிடித்து, தொண்டையைச் செருமி, பிறகு ஒரே சீராக, பக்கத்து அறையில் யாரோ முனகிக்கொண்டே இருப்பது போல ஓடத் தொடங்கியது. பிற்பகல் தெரு ஆளில்லாமல் அடங்கிக் கிடந்தது. சைலன்சரின் புகையை மீறி ஒரு வாசனை வந்தது. ஈரத்தோடு மடித்து வைத்து நாட்கணக்கில் பிரிக்காமல் விட்ட துணியின் வாசனை. எந்த வாடிக்கைக்காரர் மூட்டை இது என்று வழக்கம்போல யோசித்தார். முதுகுக்குப் பின்னால் வண்டி இன்னும் தாழ்ந்து 'க்ரீச்' என்றது.

"உட்கார்ந்தாச்சா? கெட்டியாப் பிடிச்சுக்க."

இடுப்பில் இரண்டு கைகள் வந்தன. மெதுவாகப் பிடித்துக்கொண்டன. புறப்பட்டார்.

பள்ளம் பார்த்து, கல் பார்த்து, கண்ணாடிக் குடத்தைச் சுமப்பது போல ஓட்டினார். பேசிக்கொண்டே போனார். "இந்தத் தடவை ஒண்ணும் ஆகாது, பாரு. பயப்படாதே. பொண்ணா இருந்தா உன் சாயல், பையனா இருந்தாலும் உன் சாயலே இருக்கட்டும், என் மூக்கு வேண்டாம்." பதில் இல்லை. ஆஸ்பத்திரி போகிற நாட்களில் அவள் பேசுவதில்லை. ஒரு கன்னம் மட்டும் முதுகில் வந்து சாய்ந்தது. சட்டை வழியே ஈரம் தெரிந்தது. அழுகிறாள் என்று நினைத்தார். நீளமான அந்தத் தெருவின் முனையை நெருங்கும்போது சட்டைப் பையில் போன் அடித்தது.

ஓரமாக நிறுத்தினார். எஞ்சின் அணைந்தது. போனை எடுத்தார்.

"என்னை விட்டுட்டு எங்கங்க போயிட்டீங்க?" மனைவி. மூச்சு வாங்கச் சிரித்தாள். "பூட்டிட்டுத் திரும்பினா வண்டியைக் காணோம். பொண்டாட்டி ஏறினாளா இல்லையான்னுகூடவா தெரியாது?"

இடுப்பில் இருந்த கைகள் இறுகின.

அவர் திரும்பவில்லை. கண்ணாடியையும் பார்க்கவில்லை. பிடரியில் மூச்சு. குளிர்ந்த மூச்சு. அவருடைய பேச்சு முழுவதையும் கேட்டுக்கொண்டு வந்த மூச்சு.

"வீட்டுக்குள்ள போ" என்றார். "உள்ள போய்க் கதவைச் சாத்து."

"என்ன விளையாட்டு இது? நாலு மணிக்கு அங்க இருக்கணும். அங்கயே நில்லுங்க, நீங்க நிக்கிறது எனக்குத் தெரியுது. நானே வரேன்."

பார்க்காமல் இருந்த கண்ணாடியின் ஓரத்தில் அவள் தெரிந்தாள். இந்தப் பக்கமாகத்தான் வந்தாள். நீலச் சேலை. ஒரு கை இடுப்பில். வயிறு முன்னால்.

கிக்கரை உதைத்தார். பிடிக்கவில்லை. எங்காவது போய்விட வேண்டும். இதையும் கூட்டிக்கொண்டு. எங்காவது. உதைத்தார். பிடிக்கவில்லை. உதைத்தார்.

"வராதே!"

கை ஆட்டினார். அவளும் ஆட்டினாள்.

உதைத்தார்.

க்ரீச்.

வண்டி எழும்பியது. இடுப்பு விடுபட்டது. முதுகில் காற்று பட்டது. தெருவில் வேறு காலடி எதுவும் கேட்கவில்லை.

அப்போதுதான் திரும்பினார். பத்தடி தூரத்தில் மனைவி நின்றுவிட்டாள். முகத்தில் மெல்ல ஓர் ஆச்சரியம் பரவியது.

"என்னங்க, காலையிலேருந்து இருந்த இடுப்பு வலி சட்டுனு விட்டுப்போச்சு." வயிற்றைத் தடவினாள். "இவ்வளவு நேரம் என்ன உதை உதைச்சுது தெரியுமா? இப்பப் பாருங்க, சத்தமே இல்ல. தூங்கிடுச்சு போல."

சிரித்துக்கொண்டே நின்றாள். மொடமொடப்புக் குறையாத அந்த நீலத் துணியில், இடுப்பின் இரண்டு பக்கமும் ஐந்தைந்தாகச் சுருக்கங்கள் விழுந்தன. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவை பின்னாலிருந்து முன்னால் நகர்ந்து, வயிற்றின் நடுவில் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டன.